ஓரகத்திக்குப் போட்டியாக ஒரு சிரிப்பு நாவல்

மதிப்பிற்குரிய பதிப்பாசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும், முக்கியமாகத் தங்கள் பற்களும், நலம் என்று நம்புகிறேன். நான் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருப்பவள். அந்தப் பழக்கத்தில் விசாரித்துவிட்டேன்.

பதின்வயதுப் பிள்ளைகளுக்காக ஒரு நகைச்சுவை நாவல் எழுதியிருக்கிறேன். அதைத் தாங்கள்தான் வெளியிட வேண்டும். போன வருடம் தாங்கள் வெளியிட்ட அதே மாதிரி நாவலை எழுதியவர் என் கொழுந்தனாரின் மனைவி, அதாவது என் ஓரகத்தி. அவர்மேல் எனக்குப் பொறாமை என்று என் கணவர் சொல்லிக்கொண்டு திரிகிறார். அப்படி எதுவும் கிடையாது. அந்தப் புத்தகத்தை நான் இன்றுவரை பிரித்துக்கூடப் பார்த்ததில்லை என்பதே அதற்குச் சான்று.

விஷயம் என்னவென்றால், எனக்குப் பதினான்கு வயதில் ஒரு மகள். என்னிடம் அவள் பேசுவதெல்லாம் ‘ம்’, ‘ம்ஹூம்’, ‘தெரியல’, அவ்வளவுதான். அப்படிப்பட்டவள் சித்தியின் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அறைக் கதவைச் சாத்தினாள். உள்ளே ஒரே சிரிப்பு. சாதாரணச் சிரிப்பில்லை, கட்டிலே ஆடுகிறது. வெளியே நான் மடித்த துணியோடு நிற்கிறேன். பெற்றவள் நான், பல் முளைத்தபோது தோளில் போட்டுக்கொண்டு நடையாய் நடந்தவள் நான், சிரிப்பு மட்டும் சித்திக்கா? வயிறு எரிந்தது. (பொறாமையில்லை, அன்று சரியாகச் சாப்பிடவில்லை.) உடனே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

என் கதாநாயகனுக்கும் பதினான்கு வயது. அலாரம் அடிக்குமுன் எழுகிறான். சாப்பிட்ட தட்டை அவனே கழுவுகிறான். போனைத் தானாகவே அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் படிக்கப் போகிறான். ஒருநாள் தெருவில் வாழைப்பழத் தோல் கிடக்கிறது. அதை எடுத்துக் குப்பைத்தொட்டியில் போடுகிறான். நகைச்சுவை உச்சத்துக்குப் போவது இந்த இடத்தில்தான்.

கணவரிடம் வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கற்பனை செய்து பார்ப்பதாகச் சொன்னார்; கொஞ்ச நேரத்தில் கற்பனை குறட்டைவிட ஆரம்பித்தது. மகளிடம் வாசித்தேன். தலையைத் தூக்காமலே, “இது பேய்க் கதையாம்மா?” என்றாள். சரி, வீட்டில் யாருக்கு நம் அருமை தெரிகிறது என்று, மருத்துவமனையில் காத்திருந்த பிள்ளைகளுக்கு வாசித்தேன். பல்லுக்குக் கம்பி போட்ட ஒரு பையன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை. கிட்டே போய்ப் பார்த்தால் காதில் இயர்போன். பக்கத்திலிருந்த சிறுமியோ அழவே ஆரம்பித்துவிட்டாள். மருத்துவர் வெளியே வந்து, “நான் இன்னும் ஊசியே போடலையேம்மா, அதுக்குள்ள ஏன் அழுவுது?” என்று கேட்டார்.

இதையெல்லாம் பெரிதுபடுத்தாமல் தாங்கள் நாவலை வெளியிட வேண்டும். அட்டையில் என் பெயர், ஓரகத்தியின் பெயர் இருந்ததைவிட ஒரு விரல்கடையாவது பெரிதாக இருந்தால் போதும், வேறு ஆசை இல்லை.

தங்கள் அலுவலகத்தார் அனைவருக்கும் என் அன்பு. வீட்டுப் பிள்ளைகள் சொத்தையில்லாமல் வாழட்டும்.

இப்படிக்கு,
தங்கள் வருங்கால எழுத்தாளர்

பி.கு.: உறையை ஒட்டுமுன், என் நாவல் எவ்வளவு மேல் என்று ஆதாரத்தோடு எழுதலாமே என்றுதான் ஓரகத்தியின் புத்தகத்தைப் பிரித்தேன். அதில் ஒரு பெரியம்மா வருகிறாள். யார் வீட்டுக்குப் போனாலும் வணக்கம் சொல்லுமுன் அவர்கள் வாயைப் பார்க்கிறாள். கோபித்துக்கொண்டு கிளம்பிய புருஷனைத் தெருமுனைவரை துரத்திப் போய், டூத் பிரஷ்ஷைக் கையில் கொடுத்துவிட்டுத் திரும்புகிறாள். இது எங்கள் வீட்டில் நடந்தது, கொழுந்தனாருக்குக்கூடத் தெரியாது. புத்தகமும் கையுமாக மகள் முன்னால் போய் நின்று, இது யாருடி என்று கேட்டேன்.

“நீதாம்மா. நான்தான் சித்திகிட்ட உன்னப் பத்தி நிறைய சொன்னேன். நீ வர்ற பக்கத்தத்தான் திரும்பத் திரும்பப் படிப்பேன்” என்றாள்.

இந்த ஒரு வருடத்தில் அவள் என்னிடம் பேசிய நீளமான பேச்சு அதுதான். திட்டத்தான் வாயைத் திறந்தேன். சிரிப்பு வந்துவிட்டது. இருவரும் அவள் கட்டிலில் உட்கார்ந்து கடைசிப் பக்கம்வரை படித்துவிட்டோம்.

ஆகவே என் நாவல் வேண்டாம். ஓரகத்தி இரண்டாம் பாகம் எழுதுகிறாராமே, அதில் பெரியம்மா வருகிறாளா? இல்லையென்றால் தாங்கள்தான் அவரிடம் எடுத்துச் சொல்ல வேண்டும். நான் கேட்டதாக மட்டும் சொல்லிவிடாதீர்கள்.