சுல்தானுக்கு மஞ்சள் காமாலை

நர்ஸ் படிப்பில் சேர்ந்த முதல் வருஷம், எனக்குத் தெரியாத விஷயம் என்று இந்த உலகத்தில் ஒன்றுமே இருக்கவில்லை. தெரியாமல் போக ஆரம்பித்ததெல்லாம் அதற்குப் பிறகுதான்.

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். வியாசர்பாடியில் எங்கள் லைன் வீடுகளில் அதுவரை வெள்ளை உடுப்பு போட்டு வேலைக்குப் போன பெண் கிடையாது. அப்பாவுக்கு மில்லில் வேலை. நான் உடுப்போடு வெளியே வந்தால் குழாயடியில் குடத்தை நகர்த்தி வழிவிடுவார்கள். அந்த மரியாதை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. யாராவது ஒன்றைச் சொல்ல வாயெடுத்தால், "தெரியும்" என்று முடித்துவைப்பேன். தெரியாது என்று சொல்லிவிட்டால் உடுப்பைக் கழற்றி வாங்கிக்கொள்வார்களோ என்று பயம். (பயம் என்று இப்போது சொல்கிறேன். அப்போது அதை அறிவு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.)

நான் பயிற்சி எடுத்தது ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சின்னப் பிரசவ ஆஸ்பத்திரியில். அங்கே மேட்ரன் மிஸ் ஹில்டா. ஆங்கிலோ இந்தியர், ஐம்பது வயது, தனி ஆள், ஆஸ்பத்திரி மாடியிலேயே குடியிருப்பு. கப்பலில் இன்ஜினியராக இருந்த அவர் தம்பி, பஸ்ராவிலிருந்து ஒரு பாலைவனப் பல்லியைக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். சுவரில் ஓடுகிற பல்லியை நினைத்துக்கொள்ளாதீர்கள். இது முழங்கை நீளம் இருக்கும், வாலில் வரிசை வரிசையாக முள், கழுத்தில் மடிப்பு மடிப்பாகத் தோல், மூஞ்சியில் எப்போதும் ஓர் அலட்சியம். பெயர் சுல்தான். கீரை, பூ, ஊறவைத்த பயறு, இவ்வளவுதான் சாப்பாடு. சுத்த சைவம். பக்கங்களில் கண்ணாடி போட்ட பழைய மருந்து பீரோ ஒன்றைப் படுக்கவைத்து, மேலே கம்பிவலை அடித்து, உள்ளே மணல் பரப்பி அதற்குக் கூண்டு செய்திருந்தார் மேட்ரன். வலைக்கு மேலே ஓர் ஓரத்தில் ஒரு பல்பு எரியும். சுல்தான் அதற்குக் கீழே கல்லின் மேல் கண்ணை மூடிக்கொண்டு கிடக்கும்.

டிசம்பரில் மேட்ரனின் அக்காவுக்கு பெங்களூரில் ஆபரேஷன். பத்து நாள் போகவேண்டும். சுல்தானை யார் பார்த்துக்கொள்வது? ஜனவரியில் எங்கள் முதல் வருஷ அறிக்கையில் அவர்தான் கையெழுத்துப் போடவேண்டும். அது சரியில்லையென்றால் இரண்டாம் வருஷம் கிடையாது, வீட்டுக்குப் போகவேண்டியதுதான். அவர் கேள்வியை முடிப்பதற்குள் நான் கையைத் தூக்கிவிட்டேன்.

"பகல்ல மட்டும் விளக்கு போடணும் சுகுணா. உடம்பு சூடு ஏறினதும் அவன் வந்து..."

"தெரியும் மேடம்."

"எப்படித் தெரியும்?"

"எங்க வீட்டுப் பக்கம் ஓணான் நிறைய, மேடம்."

மேட்ரன் கடிகாரத்தைப் பார்த்தார். ரயிலுக்கு நேரமாகிவிட்டது. போய்விட்டார்.

மறுநாளே பல்பு போய்விட்டது. வெளியே மழையும் பிடித்துக்கொண்டது. துறைமுகத்துப் பக்கமிருந்து ஈரக்காற்று ஜன்னல் இடுக்கெல்லாம் புகுந்து அடித்தது. சுல்தான் சாம்பல் நிறத்தில் சுருண்டு கிடந்தது. போன பல்பு எவ்வளவு வாட் என்று அதன் தலையில் எழுதியிருக்கும். அதைப் பார்ப்பதற்கு முன்பே நான் குப்பையில் போட்டுவிட்டிருந்தேன்.

முதலில் ஓர் அரிக்கேன் விளக்கை ஏற்றிக் கூண்டுக்குள்ளேயே வைத்தேன். வார்டு ஆயா அஞ்சலை பக்கத்தில் நின்று பார்த்தாள். காசிமேட்டுக்காரி. மனதில் பட்டதை ஒளித்துவைக்கத் தெரியாதவள்.

"இன்னா நர்சம்மா, பெட்டிக்குள்ள கெரசின் வெளக்கு வச்சிகீற? பொக சூந்துகினு மூச்சு முட்டிப் பூடாது?"

"உனக்கு இதெல்லாம் புரியாது அஞ்சலை."

கால் மணி நேரத்தில் கண்ணாடியெல்லாம் கரி. சுல்தான் தும்மியது. (பல்லி தும்முமா என்று கேட்பவர்களுக்கு: தும்மும். நான் தும்மவைத்திருக்கிறேன்.)

பிறகு குடையைப் பிடித்துக்கொண்டு பஜார் முனையிலிருந்த காசிம் பாயின் எலெக்ட்ரிக் கடைக்குப் போனேன். எங்கள் ஆஸ்பத்திரிக்கு வயரிங் வேலையெல்லாம் அவர்தான் செய்வார். என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும்.

"பல்பு எதுக்கு சிஸ்டரு? வெளிச்சத்துக்கா, சூட்டுக்கா? வெளியவா மாட்டப்போற, உள்ளாறவா? ஹோல்டரு பீங்கான்தா, பேக்லைட்தா?"

"அதெல்லாம் தெரியும் பாய். இருக்கறதுலயே பெரிய பல்பா குடுங்க."

"இருநூறு வாட் கீது. ஆனா அது இன்னாத்துக்குன்னு சொன்னாத்தான..."

வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பெரிய பல்பு, பெரிய அக்கறை. வலைக்கு மேலே தொங்கவிட்டால் சூடு வீணாகுமே என்று ஓரமாக வலையைப் பிரித்து உள்ளேயே தொங்கவிட்டேன். வெளிச்சம் சுல்தானின் கண்ணைக் கூசவைக்கக்கூடாது என்று பல்பைச் சுற்றி சிவப்புக் காகிதம் வேறு சுற்றினேன். தீபாவளிக்கு மீந்த காகிதம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அறிவியல் முறைப்படி செய்யவேண்டுமே என்று வார்டிலிருந்து ஜுரம் பார்க்கும் தெர்மாமீட்டரை எடுத்துவந்து கல்லின் மேல் வைத்தேன்.

மூன்று காரியம் ஒரே சமயத்தில் நடந்தது. தெர்மாமீட்டர் 'டப்'பென்று வெடித்தது. காகிதம் பழுப்பாகிப் புகைய ஆரம்பித்தது. ஹோல்டர் கருகி ஒரு கெட்ட நாற்றம் கிளம்பியது. சுல்தான் கண்ணாடியில் மோதிக்கொண்டு மூலைக்கு மூலை ஓடியது. அஞ்சலைதான் ஓடிப்போய் சுவிட்சைத் தட்டி, சுல்தானை இடுப்போடு சேர்த்துத் தூக்கி வாளிக்குள் விட்டாள். முள்வாலால் அடிவாங்கியதும் அவள்தான். நான் பாதரசத் துளிகளைக் காகிதத்தால் ஒன்றுசேர்த்துக்கொண்டு, மணலையெல்லாம் அள்ளிக் கொட்டி, அழுதேன்.

காசிம் பாய் அன்று சாயங்காலமே வந்தார். அஞ்சலை போய்ச் சொல்லியிருக்கிறாள். கருகிய ஹோல்டரைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"ஜுரக்குச்சி நூத்திப்பத்துக்கு மேல தாங்காதே சிஸ்டரு. நம்ம உடம்புக்கு செஞ்சது அது. ஏன் கேக்காம செய்ற? கேட்டா இன்னா, வாயில முத்தா உதிந்துடும்?"

திட்டிக்கொண்டேதான் வேலை செய்தார். நூறு வாட் பல்பு, பீங்கான் ஹோல்டர், தகரக் குடை. எல்லாம் வலைக்கு வெளியே, தாவினாலும் எட்டாத உயரத்தில். அவிழ்ந்து விழாதபடி ஒரு சங்கிலி. கூண்டின் ஒரு பக்கம் மட்டும் சூடு, மறுபக்கம் நிழல். "சூடு போதும்னா அதுவா எந்திரிச்சி அந்தாண்ட பூடணும். ஓடறதுக்கு எடம் இல்லாம சுட்டா அது அடுப்பு, வெளக்கு இல்ல" என்றார். கல்லின் மேல் கையை வைத்துப் பார்த்தார், என்னையும் வைக்கச் சொன்னார். குழந்தைகளைக் குளிப்பாட்டும் தொட்டிக்கு வைத்திருந்த மரச்சட்டம் போட்ட தெர்மாமீட்டரைக் கல்லோரம் சாத்தினார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். இனி இந்தப் பாடத்தில் எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று எண்ணிக்கொண்டேன்.

மறுநாள் காலை விளக்கைப் போட்டேன். ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் சுல்தான் மஞ்சளாக இருந்தது. முதுகு, வயிறு, முகம் எல்லாம் நல்ல கஸ்தூரி மஞ்சள். அதுவரை காலையில் விளக்கு போட்ட கையோடு, சாம்பலாகத்தான் அதைப் பார்த்திருக்கிறேன்.

அந்த வாரம்தான் கீழ் வார்டில் ஒரு குழந்தைக்கு மஞ்சள் காமாலை. கண்ணின் வெள்ளையைப் பார், தோலை அழுத்திப் பார் என்று டாக்டர் எங்களுக்கு வகுப்பு எடுத்திருந்தார். நான் சுல்தானின் கண்ணைப் பார்த்தேன். தோலை அழுத்தினேன். சந்தேகமேயில்லை. காசிம் பாயின் விளக்குச் சூட்டில் ஈரல் கெட்டுவிட்டது!

யாரையாவது கேட்டிருக்கலாம். டாக்டர் கீழேயே இருந்தார். பெங்களூருக்குத் தந்தி கொடுத்திருக்கலாம். நான் விளக்கை அணைத்துவிட்டுக் கீழாநெல்லி பறிக்கப் போனேன்.

சுல்தான் கீழாநெல்லியை ரசித்துத் தின்றது. மத்தியானத்துக்குள் மஞ்சள் இறங்கிவிட்டது. சாயங்காலம் பழையபடி சாம்பல். என் வைத்தியம் பலித்ததை அஞ்சலையிடம் பெருமையாகச் சொன்னேன். "கைராசி தான்" என்றாள். மஞ்சள் திரும்பி வந்துவிடக்கூடாதே என்று அதற்குப் பிறகு விளக்கையே போடவில்லை. மழையும் விடவில்லை. சுல்தான் நாளுக்கு நாள் கறுத்தது. கீழாநெல்லியை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. வியாதி போய் அசதி வந்திருக்கிறது, ஓய்வு நல்லது என்று கூண்டைத் துணியால் மூடினேன்.

மேட்ரன் திரும்பும் நாள் காலையில் துணியை விலக்கினேன். கரிக்கட்டை போலக் கிடந்தது. தொட்டால் தரை மாதிரி ஜில்லென்றிருந்தது. ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டேன். என் நெஞ்சு அடிப்பதுதான் எனக்குக் கேட்டது.

"பூட்ச்சு நர்சம்மா" என்றாள் அஞ்சலை.

அப்போது எனக்கு அறிக்கையோ கையெழுத்தோ ஞாபகம் வரவில்லை. முதல் சில நாள் காலையில் என் காலடிச் சத்தம் கேட்டதும் தலையைத் தூக்கிப் பார்த்த ஓர் உயிர். அதை நான்தான் கொன்றேன். எப்படிக் கொன்றேன் என்பதுகூட எனக்குத் தெரியவில்லை. அந்த இரண்டாவது விஷயம்தான் என்னைப் படுத்தியெடுத்தது.

மேட்ரன் முகம் பார்க்காமல் புதைக்கக்கூடாது என்று முடிவு செய்தோம். பஞ்சு வந்த அட்டைப்பெட்டியில் வெள்ளைத் துணி விரித்துப் படுக்கவைத்தோம். அஞ்சலை செம்பருத்தியும் செவ்வந்தியும் கொண்டுவந்து சுற்றிலும் வைத்து, கையெடுத்துக் கும்பிட்டாள். பிள்ளை பெற்றவர்கள் இருக்கிற இடத்தில் பிணம் ஆகாது என்று பெட்டியை மூடாமலேயே மொட்டை மாடிக்குத் தூக்கிப் போனாள். ஒரு வாரத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் வெயில் வந்திருந்தது. காய்கிற துணிகளுக்கு நடுவில் வைத்துவிட்டு வந்தாள்.

மூன்று மணிக்கு மேட்ரன் வந்தார். பெட்டி படுக்கையை இறக்கியதும் "சுல்தான் எப்படி இருக்கான்?" என்றார். நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த நாலு வாக்கியத்தில் முதலாவது மட்டும்தான் வந்தது.

"மேடம், சுல்தான் நம்மளை விட்டுப் போயிட்டான்."

நான் மொட்டை மாடிப் பக்கம் கையைக் காட்டினேன். அவர் மாடிப்படி ஏறினார். பின்னால் நான், எனக்குப் பின்னால் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அஞ்சலை. துணிகளை விலக்கிக்கொண்டு போனால், பெட்டிக்குள் சுல்தான் முன்னங்காலை ஊன்றி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. பளபளவென்று மஞ்சள். அதன் மரியாதைக்கு வைத்த செவ்வந்தியில் பாதிக்கு மேல் காலி. வாயிலிருந்து ஒரு செம்பருத்தி இதழ் தொங்கியது. எங்களைப் பார்த்தபடியே அதையும் உள்ளே இழுத்துக்கொண்டது.

"ஐயோ, பேய்!" என்று அஞ்சலை என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

நான் அதைவிட மோசமாகக் கத்தினேன். "மேடம், மறுபடியும் காமாலை!"

மேட்ரன் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். என் முழுக் கதையையும் கேட்டு முடித்த பிறகு சிரிப்பு நின்றது.

"உடம்பு சூடானா மஞ்சளாவான். குளிர்ந்தா கறுப்பாயிடுவான். அதுதான் அவன் சுபாவம். ரயிலுக்குப் போறப்போ அதைத்தான் சொல்ல வந்தேன்."

மேட்ரன் சுல்தானைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"மஞ்சளைப் பார்த்ததும் யாரைக் கேட்டே?"

"யாரையும் கேக்கல மேடம்."

"பெட்டியில இருந்தது பல்லி. கீழே தொட்டில்ல இருக்கறது?"

அவர் குரலை உயர்த்தவேயில்லை. அந்தப் பத்து நாளில் நான் இரண்டாம் முறையாக அழுதேன்.

ஜனவரி அறிக்கையில் மேட்ரன் என்னைத் தள்ளிவிடவில்லை. ஆனால் கையெழுத்தை மூன்று மாதம் நிறுத்திவைத்தார். என்னோடு சேர்ந்தவர்கள் இரண்டாம் வருஷம் போக, நான் குழந்தைகள் வார்டில் புதுப்பெண்களோடு முதல் பாடத்திலிருந்து உட்கார்ந்தேன். வீட்டில் ஏன் என்று கேட்டார்கள். சொல்லவேண்டியதாயிற்று. அப்பா மில்லில் சொல்லி, மில் வியாசர்பாடி முழுக்கச் சொல்லிவிட்டது. குழாயடியில் குடத்தை நகர்த்தியவர்கள் இப்போது, "நர்சம்மா, எங்க பூனை தூங்குதா, பூட்ச்சா, கொஞ்சம் பாத்துச் சொல்லேன்" என்றார்கள்.

முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்தேன். பின்னாளில், காமாலை வந்த குழந்தைகளை விளக்கு வெளிச்சத்தில் படுக்கவைத்துக் குணப்படுத்தும் முறை எங்கள் வார்டுக்கு வந்தது. அந்த விளக்கை ஒவ்வொரு முறை போடும்போதும், எவ்வளவு உயரம், எவ்வளவு நேரம், கண்ணை எதால் மூடுவது என்று டாக்டரைக் கேட்டுக் கேட்டு அவருக்கே அலுத்துவிட்டது. "சிஸ்டர், இதையெல்லாம் நேத்தே கேட்டீங்களே" என்றார். இன்றும் கேட்கிறேன் என்றேன்.

வீட்டில் யாருக்கும் இந்த ஞானமெல்லாம் வேண்டாம். அவர்களுக்கு வேண்டியது வேறு. என் மகள் கல்யாணத்தில் நலங்கு வைத்து, முகம் கை கால் எல்லாம் மஞ்சள் பூசி அவளை மணையில் உட்காரவைத்திருந்தார்கள். ஊரே சுற்றி நின்றது. நான் வாசலில் தலையைக் காட்டியதுதான் தாமதம், கூட்டத்திலிருந்து என் தங்கை கூவினாள்:

"அக்கா வந்துட்டா! யாராச்சும் போயி லைட்டு சுவிட்ச் கிட்ட நில்லுங்க!"