ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் சூறாவளி

இஸ்திரிப் பெட்டியைத் தூக்கியபோது மனைவி ஸ்ரீமதியின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலும் கூடவே எழுந்து வந்தது.

கணேசமூர்த்தி பதறவில்லை. பெட்டியைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, ஆறட்டும் என்று காத்திருந்தார். சேலைக் கடைப் பிளாஸ்டிக் உறைக்குள் காகிதத்தை வைத்து மேலே சூடு காட்டினால் தண்ணீர் புகாத உறை தயாராகிவிடும் என்பது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு. உறை தயாரானது உண்மைதான். ஆனால் அது இஸ்திரிப் பெட்டிக்கு உறையாகிவிட்டது. கரண்டியால் சுரண்டி எடுத்துப் பார்த்ததில் தமிழ், ஆங்கிலம், அறிவியல், வரலாறு எல்லாம் உயிர் பிழைத்திருந்தன. கணக்கு மட்டும் பெட்டியின் அடியில் இருந்தது.

"தொண்ணூத்தேழு," என்றாள் வாசலில் நின்ற ஸ்ரீமதி. "கணக்குல தொண்ணூத்தேழு. இனிம யாரு நம்புவா?"

"நான் நம்புதேன்."

"நீங்க நேத்து வரைக்கும் நம்பலையே."

இத்தனைக்கும் காரணம் ஒரு வீடியோ. திங்கட்கிழமை காலையில் காபி குடிக்கும்போது அக்கா மங்களேஸ்வரி அதைத் தன் போனில் காட்டினாள். முகக்கவசமும் தொப்பியும் அணிந்த ஒரு விஞ்ஞானி, தென்காசி மாவட்ட வரைபடத்தின் முன் நின்று பேசினார். பின்னால் ஏதோ இயந்திரம் விட்டுவிட்டு ஓடிக்கொண்டிருந்தது. வானிலைக் கருவி என்று கணேசமூர்த்தி புரிந்துகொண்டார். செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் ஆனிக் காற்றும் கிழக்கே பாவூர்சத்திரம் பக்கமிருந்து கிளம்பும் வெக்கையும் மோதிக்கொள்ளப் போகின்றனவாம். வெள்ளிக்கிழமை காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் ஒரு டொர்னாடோ. வீடுகளைத் தேங்காய் மாதிரி திருகி எடுத்துவிடும். குடும்பத்தோடு முக்கியமான காகிதங்களையும் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்று விஞ்ஞானி கைகூப்பி முடித்தார்.

"காத்து என்ன பஸ்ஸா, டைம் சொல்லிட்டு வாரதுக்கு?" என்று கேட்டாள் ஸ்ரீமதி.

"பஸ்ஸுதான் சொன்ன டைமுக்கு வராது. இது சயின்ஸு," என்றார் கணேசமூர்த்தி.

பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் கணக்கெழுதுகிறவர் அவர். தக்காளி விலை நாளைக்கு என்ன ஆகும் என்று கேட்டால் தயங்குவார். மற்ற எல்லா விஷயத்திலும் தெளிவாக இருப்பார்.

அவருடைய அரைஞாண் கயிற்றில் பீரோ சாவி தொங்கியது. குளிக்கும்போதும் கழற்றுவதில்லை. அப்பா இறந்த அன்று கைக்கு வந்த சாவி. வீட்டுப் பத்திரம், ரேஷன் கார்டு, எல்லோருடைய ஆதார், மகள் ஜெயபிரியாவின் சான்றிதழ்கள், அத்தான் காலமான பிறகு இந்த வீட்டுக்கே வந்துவிட்ட அக்காவின் காகிதங்கள் என அனைத்தும் அந்தப் பீரோவில்தான். ஒரிஜினல் பீரோவை விட்டு வெளியே போகக் கூடாது என்பது சட்டம். யார் எதற்குக் கேட்டாலும் ஜெராக்ஸ்தான் கிடைக்கும். மேலகரத்தில் தையல் வகுப்பு நடத்திச் சம்பாதிக்கிற அக்காவுக்கும் அதேதான். "ஒரிஜினல் என்னத்துக்கு யக்கா? நான் இருக்கேம்லா?" என்பார்.

ஆனால் போன மழைக்காலத்தில் பீரோவுக்கு நேர் மேலே ஓடு ஒழுகி, வீட்டுப் பத்திரம் பரோட்டா மாவு மாதிரி வெளியே வந்தது. நகல் வாங்குவதற்குள் செருப்பு தேய்ந்துவிட்டது. அன்றைக்கு ஸ்ரீமதி தீர்ப்பு சொல்லியிருந்தாள். இனி அவர் கையில் ஏதாவது காகிதம் நாசமானால் சாவி மதினி மங்களேஸ்வரி கைக்குப் போய்விடும். சாவி போனால் வீட்டில் அவருக்கு மிஞ்சுவது ஒரு பிளாஸ்டிக் நாற்காலிதான். அதிலும் பாதி நேரம் துணி மடித்து வைத்திருப்பார்கள்.

ஆகவே வெள்ளிக்கிழமை காலை குடும்பமும் காகிதங்களும் சேதமில்லாமல் கரையேற வேண்டும். கணக்கு மார்க்கைச் சேதத்தில் சேர்க்கக் கூடாது என்று அவர் வாதாடினார். ஸ்ரீமதி அதைப் பாதிச் சேதமாகக் குறித்துக்கொண்டாள்.

"இனிம வீட்டுல வச்சு எதுவும் செய்யாத தம்பி. பஜார்ல குத்தாலிங்கம் கடையில போய்க் கேளு," என்றாள் அக்கா.

ஜெராக்ஸ் கடைக் குத்தாலிங்கம் ஐம்பதைத் தாண்டிய, அதிர்ந்து பேசாத மனிதர். மனைவியை இழந்து தனியாக இருக்கிறவர். டொர்னாடோ என்றதும் சிரிக்காத ஒரே ஆளும் அவர்தான். ஒரிஜினலை லேமினேஷன் செய்தால் எந்த அலுவலகத்திலும் செல்லாது என்று முதலில் எச்சரித்தார். பிறகு, பின்னால் ஜெராக்ஸ் இயந்திரம் விட்டுவிட்டு ஓட, ஆளுக்கொரு ஃபைல் எடுத்து வைத்தார். ஒரிஜினல், அதற்கு நகல்கள், பாஸ்போர்ட் அளவுப் போட்டோ, முகவரிச் சான்று.

"தையல் டீச்சருக்கு மட்டும் அவங்க வீட்டுக்காரரோட இறப்புச் சான்றும் சேத்து வைங்க," என்றார்.

"டொர்னாடோவுக்கு அது எதுக்கு?"

"முகாம்ல கேப்பாங்க சார். ஒண்ணு இல்லன்னாலும் திருப்பி அனுப்பிருவாங்க."

கணேசமூர்த்திக்கு அந்த முன்யோசனை பிடித்துப்போயிற்று. பேரிடர் நேரத்தில் காசு வாங்கக் கூடாது என்று குத்தாலிங்கம் மறுத்தது அதைவிடப் பிடித்தது. நாட்டில் இன்னும் ரெண்டு பேருக்குப் பொறுப்பு இருக்கிறது என்று வீட்டில் வந்து சொன்னார். இன்னொருவர் யார் என்று யாரும் கேட்கவில்லை.

ஃபைல்கள் தயார். தண்ணீர் புகாத இடம்தான் வேண்டும். சமையலறையில் நின்று யோசித்தவரின் கண்ணில் பெரிய குக்கர் பட்டது. ஆவியே வெளியே போகாத இடத்தில் தண்ணீர் எப்படி உள்ளே போகும்? ஒரிஜினல்களை மட்டும் உருவிச் சுருட்டி உள்ளே இறக்கினார். மூடியைத் திருகி, விசிலையும் மாட்டி, யாருக்கும் தெரியாமல் மேல் தட்டில் வைத்துவிட்டுப் புதன்கிழமை காலை நிம்மதியாக வேலைக்குப் போனார்.

அவர் மறந்தது ஒன்றுதான். அந்தக் குக்கர் பெயருக்குத்தான் அவர்கள் வீட்டுடையது. பெரிய குக்கர் என்று ஒன்று இருந்தால் அது தெருவுக்குப் பொது. எந்த வீட்டில் விசேஷம் என்றாலும் கேட்காமலே அங்கே போய்விடும்.

சாயங்காலம் வந்து பார்த்தபோது மேல் தட்டு காலியாக இருந்தது.

"ஹைருன் சாச்சி வாங்கிட்டுப் போனாங்கப்பா. வெள்ளிக்கிழமைக்கு வேணுமாம், இப்பவே ஒரு தடவ வச்சுப் பாக்கணுமாம்," என்றாள் ஜெயபிரியா. "என்ன இப்படிக் கனக்குதுன்னு நெனச்சேன். குக்கர்னா கனக்கும்னு விட்டுட்டேன்."

கணேசமூர்த்தி செருப்புப் போடாமல் எதிர் வீட்டுக்கு ஓடினார். அந்த வீட்டுக் காஜா துபாயில் இருக்க, அவர் மனைவி ஹைருன் பீவி அடுப்படியில் இருந்தார். அடுப்பில் குக்கர் இருந்தது. குக்கர் மூன்றாவது விசிலுக்கு மூச்சை இழுத்துக்கொண்டிருந்தது.

"அணைங்க," என்றார் கணேசமூர்த்தி. "உள்ள எங்க அப்பா வாங்குன வீடு இருக்கு."

ஹைருன் பீவி நிதானமாக அடுப்பை அணைத்தார். உள்ளே இருப்பது உருளைக்கிழங்கு என்றார். வீடு கொல்லையில் காய்கிறது என்றார். மூடியைத் திறந்ததும் வழக்கம்போல ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிவிட்டு, பிறகுதான் குனிந்து பார்த்தாராம்.

கொல்லைக் கொடியில், காஜாவின் பழைய லுங்கிகளுக்கு நடுவே, ஒரு குடும்பத்தின் சரித்திரம் கிளிப் மாட்டிக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் சுற்றுச்சுவரில் கை ஊன்றி வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஸ்ரீமதி இத்தனை காலம் சொல்லிவந்த வயதும் காகிதத்தில் இருந்த வயதும் ஒத்துப்போகவில்லை என்று அங்கே ஏற்கெனவே முடிவாகியிருந்தது. நல்லவேளையாக எல்லாம் ஓரம் நனைந்ததோடு தப்பிவிட்டன. கணேசமூர்த்தியின் பள்ளி மாற்றுச் சான்றிதழில் மட்டும் 'நடத்தை' என்ற சொல் இருந்தது. அது எப்படி என்று எழுதியிருந்த இடம் கரைந்துபோயிருந்தது.

ஸ்ரீமதி சாவிக்காகக் கையை நீட்டினாள். தெருவில் தன் வயது தெரிந்துபோன பெண்ணிடம் சமாதானம் பேச முடியாது என்று கணேசமூர்த்திக்குத் தெரியும். அரைஞாணில் கை வைத்தார்.

"இருக்கட்டும் ஸ்ரீமதி," என்றாள் அக்கா. "வெள்ளிக்கிழம வரைக்கும் சாவி தம்பிகிட்டயே இருக்கட்டும். அவன் இல்லாம யாரு நம்மள எல்லாம் கூட்டிட்டுப் போறது?"

கணேசமூர்த்திக்குக் கண் கலங்கியது. உடன்பிறந்தவள் உடன்பிறந்தவள்தான்.

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்ததுதான் தப்பு என்று அக்கா சொன்னாள். அவரவர் காகிதம் அவரவர் கழுத்தில் தொங்கினால் ஒரு குக்கரும் ஒன்றும் செய்ய முடியாது. அதற்கென்றே துணிப் பை தைத்தும் வைத்திருந்தாள். அரை மணி நேரம் கழித்து அதே யோசனையைக் கணேசமூர்த்தி தன் முடிவாக வீட்டில் அறிவித்தார். அந்த வீட்டின் வரலாற்றில் முதன்முறையாக ஒரிஜினல்கள் சொந்தக்காரர்களின் கைக்குப் போயின. அக்கா தன்னுடையதை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து வாங்கிக்கொண்டாள். பயந்திருக்கிறாள் பாவம் என்று நினைத்தார் அவர்.

அடுத்தது தங்குமிடம். பள்ளிக்கூடம் ஓட்டுக் கட்டடம். கல்யாண மண்டபத்துக்குத் தகரக் கூரை. "குற்றாலம் கோயில் மண்டபம் கல்லுல்லா?" என்றாள் அக்கா, பூத்தொடுத்தபடி. எத்தனை நூற்றாண்டுக் காற்றைப் பார்த்த கல். தானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்ததாகக் கணேசமூர்த்தி சொன்னார்.

என்ன உடுத்துவது என்று ஸ்ரீமதி கேட்டாள். டொர்னாடோவோடு இடியும் மின்னலும் வரும். பட்டு மின்சாரத்தைக் கடத்தாது என்று அக்கா விளக்கினாள். அதுவரை சயின்ஸை நம்பாமல் இருந்த ஸ்ரீமதி அந்த நிமிடத்தில் நம்பத் தொடங்கினாள். பூட்டிய வீட்டில் நகையை விட்டுப்போவது ஆபத்து, ஆகவே போட்டுக்கொள்வதுதான் பாதுகாப்பு என்று அவளே மேற்கொண்டு ஆராய்ச்சி செய்து கண்டுபிடித்தாள்.

வெள்ளிக்கிழமை காலை வேன் வந்தது. பட்டுச் சேலையில் மூன்று பெண்கள், பட்டு வேட்டியில் கணேசமூர்த்தி, நால்வர் கழுத்திலும் பை. ஹைருன் பீவியும் குக்கரைத் துணியில் கட்டிக்கொண்டு ஏறினார். முகாம் என்றால் சோறு வேண்டாமா என்றார். தெருவில் ஒருவருக்காவது விழிப்புணர்வு வந்ததே என்று கணேசமூர்த்தி முன் சீட்டை அவருக்கு விட்டுக்கொடுத்தார்.

குற்றாலத்தில் சாரல் அடித்தது. சீசன் கூட்டம் எண்ணெய் வழிய, துண்டோடு அருவியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. கணேசமூர்த்தி வேனிலிருந்து தலையை நீட்டி, ஒன்பது மணிக்கு மேல் யாரும் வெளியில் நிற்க வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே வந்தார். கழுத்துப் பையைப் பார்த்துவிட்டு ஒருவர், சோப்பு இருக்கா அண்ணாச்சி என்று கேட்டார்.

கல் மண்டபத்தில் மேளம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். யாருக்கோ கல்யாணம். கணேசமூர்த்திக்கு மனது பொறுக்கவில்லை. ஊரே பறக்கப்போகிற நாளில் முகூர்த்தம் குறித்திருக்கிறான், எவனோ தலையில் ஒன்றும் இல்லாதவன். நாதஸ்வரக்காரரிடமே போய் நிலைமையை விளக்கினார். காற்று வந்தால் தூணைக் கட்டிப்பிடித்துக்கொள்ளச் சொன்னார்.

"சரி சார்," என்றார் நாதஸ்வரக்காரர், "இந்தக் கெட்டிமேளத்த முடிச்சிட்டுப் பிடிச்சுக்கிடுதேன்."

கணேசமூர்த்தி தூணோரம் திரும்பி வந்தார். ஸ்ரீமதி இருந்தாள், பையும் இருந்தது. ஜெயபிரியா, பை. குக்கர். ஒரு காகிதம் குறையவில்லை. ஒரு ஓரம் மடங்கவில்லை. இனி இந்தச் சாவியை எவர் கேட்பார் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மனைவியைப் பார்த்தார். ஸ்ரீமதி, என்றைக்கும் இல்லாத விதமாக, அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள்.

"அக்கா எங்க?"

"இங்கனதான் எங்கயாவது நிப்பாங்க," என்று ஸ்ரீமதி குனிந்துகொண்டாள். ஹைருன் பீவி குக்கர் மூடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

மேளம் நின்றது. கோயில் அலுவலகத்து எழுத்தர் ஒருவர் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தபடி வேகமாக வந்து, கணேசமூர்த்தியின் முன்னால் நின்றார்.

"பொண்ணுக்குத் தம்பி நீங்கதான சார்? சட்டுன்னு வாங்க, உங்க அக்காவும் ஜெராக்ஸ் கடைக் குத்தாலிங்கம் அண்ணாச்சியும் மாலையும் கழுத்துமா நிக்காங்க, உங்க சாட்சிக் கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி."