வடக்கே போன கருவியும் குதிரையின் பின்பாதியும்

மாஸ்ட்ரிக்ட்,
கார்னிவல் முடிந்த மறுவாரம்.

அன்புள்ள மரியெட்டுக்கு,

உன் கணவன் ஹ்யூப் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், பூனை என்னைவிட நலம். அங்கே நீயும், உன்னோடு குரோனிங்கனுக்கு வந்த நம் கருவியும் நலமா என்று கேட்பதுதான் முறை. ஆனால் கருவி நலமில்லை என்று நீயே எழுதிவிட்டாய். படத்தில் கோடு கோடாக விழுகிறதாம், மாதக் கடைசிக்குள் சரியானால் கருவியை அங்கேயே வைத்துக்கொண்டு உனக்கும் நிரந்தர வேலை தருவார்களாம், சரியாகாவிட்டால் கருவியையும் உன்னையும் ஒரே லாரியில் ஏற்றி இங்கே திருப்பி அனுப்பிவிடுவார்களாம், ஆகவே எப்படிச் சரிசெய்வது என்று நான் உடனே சொல்ல வேண்டுமாம். யாரிடம் என்ன கேட்கிறோம் என்று யோசித்துத்தான் கேட்டாயா? போனில் சொன்னால் போதும் என்கிறாய். உன் குரலைக் கேட்டால் எனக்கு எந்தத் திருகு எங்கே இருக்கிறது என்பதே மறந்துபோகும், அதனால்தான் கடிதம்.

சொல்கிறேன், ஆனால் முதலில் என் கதையைக் கேள். வருஷா வருஷம் கார்னிவலுக்கு நாம் இரண்டு பேரும் ஒரே குதிரையாக வேஷம் கட்டிப் போவோமே, நீ தலை, நான் பின்பாதி. இந்த வருஷம் தலை வடக்கே போய்விட்டது என்பதற்காகத் திருவிழாவை விட முடியுமா? பின்பாதியை மட்டும் மாட்டிக்கொண்டு, முகத்துக்குச் சிவப்பும் மஞ்சளும் பச்சையும் பூசிக்கொண்டு, வாலை ஆட்டியபடி நான் பாட்டுக்குக் கிளம்பிவிட்டேன். இத்தனை வருஷமாய் உன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தபடியே ஊரைச் சுற்றியவனுக்கு, நம் தெரு வீடுகளுக்கு மாடி இருப்பதே இப்போதுதான் தெரிந்தது. மதுக்கடை ஸெஃப் இருக்கிறானே, பியரை நீட்டிக்கொண்டே வம்புக்கு இழுத்தான்.

"என்னப்பா, தலையை எங்கே தொலைச்சே?"

"குரோனிங்கன்ல இருக்கா. கருவியோட போயிருக்கா."

"அது என்ன அப்பேர்ப்பட்ட கருவி?"

"எலியோட சிறுநீரகத்தை மெலிசா சீவி கண்ணாடில ஒட்டி, லேசரால புள்ளி புள்ளியா அடிச்சு, கிளம்பி வர்ற மூலக்கூறையெல்லாம் எடை போட்டு, எது எங்கே இருக்குன்னு படமா காட்டும்டா."

"அப்போ உன் பொண்டாட்டி எங்கே இருக்கணும்னு அதுகிட்டயே கேளேன்!"

கடை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். வெளியே வந்ததும் அழுகை வந்தது, வாலால் துடைத்துக்கொண்டேன்.

அதோடு விட்டதா? மறுநாள் ஆய்வுக்கூடத்தில், நீ இல்லாததால் சிறுநீரகம் சீவுவது, பூச்சுத் தெளிப்பது எல்லாம் என் தலையில்தான், உனக்குத் தெரியாதா, நானே சீவி நானே தெளித்து, நம் கருவி இருந்த இடத்துக்கு வந்திருக்கும் புதுக் கருவிக்குள் வைத்தால், சிறுநீரகத்தின் ஓரம் முழுக்க ஒரு மூலக்கூறு ஜெகஜ்ஜோதியாய் ஒளிர்கிறது, எந்தப் பட்டியலிலும் இல்லாத எடை! நான் குதித்த குதியில் மேசை ஆடிவிட்டது. ஓடிப்போய், பிளம்பழம் பரப்பிச் சுட்ட நம் ஊர் வ்லாய் பெரிதாக ஒன்று வாங்கி வந்து எல்லோருக்கும் வெட்டிக் கொடுத்து, கட்டுரைக்கு உன் பெயரை முதலில் போடுவதா என் பெயரை முதலில் போடுவதா என்றுகூட யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். அப்போது ரியா, அதான் உன் பழைய மேசைக்கு இப்போது வந்திருப்பவள், வாயில் வ்லாயோடு என்னையே உற்றுப் பார்த்தாள்.

"ஹ்யூப், கொஞ்சம் தலையைத் திருப்புங்க. காதுக்குப் பின்னாடி என்ன பச்சையா?"

துடைத்தெடுத்து அதையும் கருவிக்குள் வைத்தாள். கார்னிவல் சாயம், அதே எடை! காதைச் சொறிந்த கையோடு சிறுநீரகம் ஒட்டிய கண்ணாடியைப் பிடித்திருக்கிறேன்.

"உங்க கண்டுபிடிப்பு காதுல இருக்கு. மரியெட் இருந்திருந்தா வாசல்லயே நிறுத்திக் கழுவிவிட்டுத்தான் உள்ளே விட்டிருப்பா."

வாஸ்தவம்தான். கண்ணாடி முன்னால் எப்படி நின்றாலும் காதுக்குப் பின்னால் தனக்கே தெரிவதில்லை, மரியெட். அதைப் பார்க்க வீட்டில் இன்னொரு ஆள் வேண்டும். எனக்கு நீ வேண்டும். சொல்லிவிட்டேன்.

அதற்காக நான் அங்கே வருவேன் என்று கனவு காணாதே. கார்னிவலுக்குக் கடையை அடைக்காத ஊர், வ்லாய் என்ற பெயரில் என்னத்தையோ விற்கிற ஊர், அங்கே ஒருநாளும் குடிவரமாட்டேன் என்று நீ புறப்படும்போதே சொன்னேன். சொன்னது சொன்னதுதான்.

இனி நீ கேட்ட விஷயம். லேசர் கடைசியாகப் பட்டுத் திரும்பும் கண்ணாடி இருக்கிறதல்லவா, அதன் பித்தளைத் திருகை இடப்பக்கம் கால் சுற்றுத் திருப்பு. வேறெதையும் தொடாதே. கோடு இருந்த இடம் தெரியாமல் போய்விடும்.

உன் ஆய்வுக்கூடத் தலைவருக்கு என் வணக்கத்தைச் சொல், என் கோபத்தைச் சொல்லாதே. பூனை விசாரித்தது. வடக்குக் காற்று உன்னைத் தொடாமல் இருக்கட்டும், தொப்பி போடாமல் வெளியே போகாதே.

இப்படிக்கு,
உன்
ஹ்யூப்

பி.கு.: தபால்பெட்டி வரை போய்த் திரும்பி வந்து, உறையைக் கிழித்து இதை எழுதுகிறேன். இடப்பக்கம் திருப்பிவிடாதே. திருப்பினால் கோடு இன்னும் தடிக்கும், லாரி வரும், நீயும் வருவாய் என்றுதான் அப்படி எழுதினேன். வலப்பக்கம் திருப்பு, கால் சுற்று. படம் பளிச்சென்று வரும். வந்ததும் அவர்கள் தரும் வேலையை ஒப்புக்கொள். அப்படியே, லேசரைப் பார்த்துக்கொள்ள இன்னொரு ஆள் வேண்டுமா என்று ஒரு வார்த்தை கேட்டுவை. வ்லாய் எப்படி இருந்தாலும் பரவாயில்லை, நான் வருகிறேன்.