இருபத்தாறு நிமிட அறிமுகம்

அன்று மண்டபத்தில் இருந்தவர்கள்: எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவர், ஆளுக்கொரு பொன்னாடையோடு ஏழு பிரமுகர்கள், அப்பா, அம்மா, பிறம்ரன் நகரிலிருந்து காரோடி வந்த மிஸ்டர் பெர்சியின் மகள். வராதவர்கள்: பெர்சியின் பழைய பான்ட் வாத்தியக்காரர் ஐவரும். அவர்கள் செத்துப்போயிருந்தார்கள். என் புத்தியும் அன்று வரவில்லை.

பெர்சி கனடாவில், அஜின்கோர்ட்டில், எங்களுக்குக் கீழ் மாடியில் இருந்தவர். இங்கிலாந்தில் ஜாஸ் குழுவில் ட்ரோம்போன் என்ற நீண்ட பித்தளைக் குழல் ஊதியவர். ரொக் அன்ட் ரோல் வந்த புதிதில் முடியைச் சுருட்டிக்கொண்டு, தானே ஒரு பான்ட் தொடங்கி ஊர் ஊராகச் சனத்தை ஆடவைத்தார். பிறகு கிற்றார் பொடியன்கள் வந்தார்கள். ட்ரோம்போன் ஒருவருக்கும் தேவைப்படவில்லை. கனடாவுக்கு வந்து ஃபிரிட்ஜ் திருத்தினார். அவர் மேடையில் ஊதி மகள் ஒருநாளும் கேட்டதில்லை.

எண்பத்தெட்டு வயதில், எங்கள் ஆண்டுவிழாவில் ஊதச் சம்மதித்தார். விழா சனிக்கிழமை. திங்கட்கிழமை அவருடைய முன்பற்களைக் கழற்றப்போகிறார்கள். அதற்குப் பிறகு ஊத முடியாது. மனுசன் மூன்று மாதம் பழகினார்.

அறிமுக உரை எனக்கு. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போனவன் நான் (அதை யாராவது மறந்துவிடுவார்களோ என்று எனக்கு எப்போதும் பயம்). பதினொரு பக்கம் எழுதினேன். ஒவ்வொரு பந்தியையும் தமிழில் வாசித்து, விருந்தினருக்காக ஆங்கிலத்திலும் வாசித்தேன். இருபத்தாறு நிமிடம். அந்த மனுசனின் வாழ்க்கையை அவருக்கே இரண்டு தரம் சொன்னேன்.

ஏழாம் பக்கத்தில் அப்பா முன்வரிசையிலிருந்து, "தம்பி, காணும். அந்தாளை ஊத விடு" என்றார்.

"பொறுங்கோப்பா, இனித்தான் முக்கியமான கட்டம்" என்று மைக்கிலேயே சொன்னேன்.

பிறகு ஏழு பேரும் பொன்னாடை போர்த்தி, ஆளுக்கு "ஒரு நிமிசம்" பேசினார்கள். பெர்சி அந்தக் குவியலுக்குள்ளிருந்து கையை எடுத்து ட்ரோம்போனை வாயில் வைத்தபோது நான்கு மணி பதினெட்டு. மண்டபத்தில் எங்கள் நேரம் நான்கு மணியோடு சரி. அடுத்து மண்டபம் எடுத்திருந்த சாமத்தியவீட்டுக்காரர் (பெண்பிள்ளையின் பூப்பு விழா) பலூன் வளைவை மேடையில் ஏற்றிவிட்டார்கள். அவர்களின் டிஜே ஸ்பீக்கரைச் சோதித்தார். அந்த இரைச்சலுக்குள் பெர்சி ஊதினார் என்று அம்மா சொல்கிறார். நான் கண்டது உப்பிய கன்னத்தை மட்டுந்தான்.

"ஊதியவரைப் பற்றி இவ்வளவு நேரம் சொன்னாய். ஐந்து நிமிடம் ஊத விட்டிருக்கலாமே?" என்று பெர்சியின் மகள் ஆங்கிலத்தில் கேட்டார். நான் பதினொரு பக்கத்தையும் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன்.

"குட் ஸ்பீச், சன்" என்றார் பெர்சி, பொன்னாடைகளை மடித்தபடி. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

திங்கட்கிழமை பல் போனது.

இன்றைக்கும் சாப்பாட்டு மேசையில் நான் எதையாவது விளக்கத் தொடங்கினால், "பல்லுக் கழட்ட முன்னம் பேச்சை முடி ராசா" என்பார் அம்மா. எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன் (வேறென்ன செய்ய?).

பிந்திய நேரத்துக்கு மண்டபக்காரர் முழு மணித்தியாலக் காசு கேட்டார். பேச்சாளரே பொறுப்பு என்று சங்கம் ஏகமனதாகத் தீர்மானித்தது. வெயார்ஹவுசில் பெட்டி தூக்கும் அப்பா கட்டினார்: நானூற்று இருபது டொலர்.