டிஸ்க்குக்குப் பாடம் எடுத்தவர்

விளக்குபவர் என்றொரு இனம் உண்டு. வீட்டுக்குப் புதிதாக ஒரு பொருள் வந்தால் நாம் அதைப் பயன்படுத்துவோம். அவர் அதைப் புரிந்துகொள்வார். புரிந்துகொண்ட பிறகு நம்மைத் தொடவிட மாட்டார்.

எனக்குத் தெரிந்த ஓர் அண்ணிக்கு வாய்த்த கொழுந்தன் இந்த இனம். அண்ணி வீட்டு வரைபடம் போடுகிறவர். கம்பெனி வேலையை விட்டுத் தனியாகத் தொழில் தொடங்கியதும் கிடைத்த முதல் வாடிக்கையாளர் அன்று மதியம் வருகிறார். வரைபடத்தில் மாடிப்படி மட்டும் பாக்கி. கணினி ஆமையாய் ஊர்ந்ததால், முந்தின நாள்தான் ஹைபிரிட் டிஸ்க் போட்டு வாங்கியிருந்தார். காலையில் முகம் கழுவிவிட்டு வருவதற்குள் நாற்காலி பறிபோயிருந்தது.

"அண்ணி, இதுக்குள்ள சுத்துற தட்டு ஒண்ணு இருக்கு. இடம் நிறைய, ஆனா மெதுவு. கூடவே சின்னதா ஒரு சிப், பயங்கர வேகம். நீங்க எதை அடிக்கடி திறக்கிறீங்கன்னு கவனிச்சு, அதைச் சிப்புல எடுத்து வச்சுக்கும்."

"சரி தம்பி, எந்திரி. படி போடணும்."

"அது இன்னும் உங்க வரைபடத்தைப் படிச்சு முடிக்கலையே!"

சொன்னதில் தப்பு உண்டா? இல்லை. அதுதான் இந்த இனத்தின் ஆபத்து. கொழுந்தன் வரைபடத்தைத் திறந்தார், மூடினார், கணினியை அணைத்தார், போட்டார், மறுபடி திறந்தார், ஒவ்வொரு தடவையும் கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தலையாட்டினார், மந்தமான பிள்ளைக்கு வாய்ப்பாடு சொல்லித் தருபவர் மாதிரி பொறுமையாக மறுபடியும் மூடினார்.

"ஒரே ஒரு மாடிப்படி, தம்பி!" அண்ணியின் குரல் கெஞ்சியது.

"இப்ப வரைஞ்சா ஃபைல் மாறிடும் அண்ணி. பாவம், முதல்லேருந்து படிக்கணும்."

வாடிக்கையாளர் வந்தார். கண் மூடித் திறப்பதற்குள் வரைபடம் திரையில் நின்றது. கொழுந்தன் பெருமையாக எழுந்து நின்றார்.

வாடிக்கையாளர் திரையை உற்றுப் பார்த்தார். "மேல மூணு ரூம் இருக்கு. எப்படிப் போறது?"

அண்ணி வாய் திறப்பதற்குள் கொழுந்தன் சொன்னார்: "அதை விடுங்க சார். எவ்வளவு வேகமா திறந்துச்சு, பார்த்தீங்களா?"

வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. கொழுந்தனுக்குக் காரணம் புரியவில்லை. அந்த வேறொருவரிடம் இருப்பது என்ன டிஸ்க் என்றுதான் விசாரித்துக்கொண்டிருந்தார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஹைபிரிட் டிஸ்க் என்றால் என்னவென்று இப்போது உங்களுக்கும் புரிந்துவிட்டது. இதை யாரிடம் சொல்லலாம் என்று மனசு ஓர் ஆளைத் தேடத் தொடங்கியிருக்குமே? தேடுங்கள். அதற்கு முன்னால் ஒரு தடவை திரும்பிப் பாருங்கள். நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்காகப் பின்னால் யாராவது நின்றுகொண்டிருக்கலாம்.