ஏழு பக்கக் கொள்கையும் ஒரு விசாவும்

இருபத்தாறு வயதில் எனக்குத் தெரியாத விஷயம் என்று அதிகம் இருக்கவில்லை. குறிப்பாக, அமெரிக்க அரசாங்கம் தன் செலவை எப்படிக் குறைக்க வேண்டும் என்பது எனக்கு மிகத் தெளிவாகத் தெரிந்திருந்தது. சோற்றைக் குழையாமல் வடிக்கத் தெரியாது. வெள்ளை உடுப்பையும் கலர் உடுப்பையும் பிரித்துத் தோய்க்கத் தெரியாது (ஒரு வருடம் முழுக்க இளஞ்சிவப்புப் பெனியனோடு திரிந்தேன்). ஆனால் வாஷிங்டனில் எந்தெந்தத் திணைக்களத்தை இழுத்து மூடினால் நாடு உருப்படும் என்று யாராவது கேட்டிருந்தால், லண்டன் பிளேஸ்டோவில் இருந்தபடியே பட்டியல் போட்டுக் கொடுத்திருப்பேன். ஒருவரும் கேட்கவில்லை. அதனால் நானாகவே எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இந்த ஞானம் எனக்குக் கிடைத்தது கவுன்சில், அதாவது நகரசபை, நடத்தும் பொது நூலகத்தில். எண்பதுகளின் கடைசி அது. எங்கள் வாடகை அறையில் காஸ் மீட்டருக்கு நாணயம் போட்டால்தான் சூடு வரும். நூலகத்தில் சும்மாவே வரும். எனவே சனிக்கிழமை காலையில் முதல் ஆளாகப் போய், ஹீட்டருக்குப் பக்கத்துக் கதிரையைப் பிடித்து, அமெரிக்க வார இதழ்களை ஒரு வரி விடாமல் படிப்பேன். வரியைக் குறை, அரசாங்கத்தைச் சுருக்கு, சும்மா கொடுத்தால் மனிதன் சோம்பேறியாகிவிடுவான் என்று அவற்றில் பத்தி பத்தியாக எழுதியிருப்பார்கள். கவுன்சில் காசில் எரிகிற ஹீட்டரில் காலை நீட்டிக்கொண்டு, கவுன்சில் காசில் வாங்கிய இதழில் இதைப் படித்து, எவ்வளவு உண்மை என்று தலையாட்டுவேன்.

உத்தியோகமும் ஒரு கவுன்சிலில்தான். எழுதுபொருள் பிரிவில் கிளார்க். ஓர் அலுவலகத்துக்குப் பென்சில் தேவையென்றால் எனக்கொரு படிவம் வரும். நான் கையெழுத்து வைத்து அடுத்த மேசைக்குக் கொடுப்பேன். அவர் கையெழுத்து வைத்து அதற்கடுத்த மேசைக்குக் கொடுப்பார். மூன்றாமவர் எழுந்து போய் அலுமாரியைத் திறந்து பென்சிலை எடுப்பார். யாழ்ப்பாணத்தில் அப்பா, "மகன் லண்டனிலும் கவண்மேந்து உத்தியோகம்" என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். அந்த மகன் கவண்மேந்தையே கலைக்கச் சொல்லும் கட்சி என்பது, பாவம், அவருக்குத் தெரியாது.

தெரிந்தவன் யோகன். என் அறைத்தோழன், பெற்றோல் ஷெட்டில் வேலை. என் சொற்பொழிவுகளை வாடகையோடு சேர்த்துச் சகித்தவன்.

"மச்சான், உனக்குச் சம்பளம் தாறது ஆர்?" என்று ஒருநாள் கேட்டான்.

"கவுன்சில்."

"பிறகேன் அந்த மனிசரைப் போட்டுத் திட்டுறாய்?"

"இது கொள்கை, யோகன். உனக்கு விளங்காது."

"எனக்கு விளங்க வேண்டாம். முதல் அந்தக் கோப்பையளைக் கழுவு."

இப்படி நான் அமெரிக்காவைத் திருத்திக்கொண்டிருந்த காலத்தில்தான் தங்கை சியாமளாவுக்குக் கலியாணம் சரிவந்தது. மாப்பிள்ளை நியூ ஜேர்சியில் எஞ்சினியர். தங்கைக்குக் கிடைத்தது கலியாணம் கட்டுவதற்கென்றே கொடுக்கும் விசா. போய் இறங்கி மூன்று மாதத்துக்குள் தாலி ஏறவேண்டும், இல்லையென்றால் திரும்பி விமானம் ஏறவேண்டும். நாளைத் தள்ளிப்போட வழியே இல்லை. அப்பாவும் அம்மாவும் சண்டைக்குள் மாட்டிக்கொண்டிருந்தார்கள். கொழும்புக்கு வருவதே பெரும்பாடு, அமெரிக்காவுக்கு எப்படிப் போவது? ஆகவே பெண் வீட்டுப் பக்கத்தில் போகக்கூடியவன் நான் ஒருவன்தான்.

எங்கள் கலியாணத்தில் பெண்ணின் சகோதரனுக்கு ஒரு வேலை உண்டு. தோழனாக வாசலில் நின்று மாப்பிள்ளையின் காலைக் கழுவி உள்ளே அழைத்து வரவேண்டும். அதற்கு மாப்பிள்ளை அவன் விரலில் ஒரு மோதிரம் போட்டுவிடுவார். அன்றிலிருந்து அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அவன்தான் தாய்மாமன், எதற்கும் முதலில் கூப்பிட வேண்டிய ஆள்.

சியாமளா நியூ ஜேர்சியிலிருந்து போன் எடுத்தாள்.

"அண்ணா, இஞ்சை எல்லாரும் அவையின்ரை ஆக்கள். எனக்கெண்டு நிக்க ஒருத்தரும் இல்லை. நீங்கள் வந்தால் காணும்."

"நான் வராமல் வேறை ஆர் வாறது? விசா சின்ன விஷயம், விடு" என்றேன்.

யாழ்ப்பாணத்தவனுக்கு எது வந்தாலும் அது சோதனை. சோதனை என்றால் முதலில் பழைய கேள்வித்தாள் தேடவேண்டும். அமெரிக்க விசாவுக்குப் போய்வந்த தமிழர்களையெல்லாம் தேடித் தேடி, "என்ன கேட்டவை?" என்று விசாரித்தேன். எல்லோரும் ஒரே மாதிரி, ஏன் போகிறாய், எப்போது வருவாய், என்ன வேலை என்று கேட்டார்கள் என்றார்கள். இதெல்லாம் எனக்கு ஒரு கேள்வியா? நோர்பரியில் ஒருவர் மட்டும், "அமெரிக்காவைப் பற்றி என்ன நினைக்கிறீர் எண்டு கேட்டவை" என்றார். ஆகா, இதுதான் கட்டாயக் கேள்வி என்று பிடித்துக்கொண்டேன். ஏழு பக்கத்தில் விடை எழுதினேன். வரிக்குறைப்புக்கு இரண்டு பக்கம், அரசாங்கச் செலவுக்கு மூன்று, நிவாரணம் மனிதனை எப்படிக் கெடுக்கிறது என்பதற்கு இரண்டு. ஆங்கிலத்தில் பாடமாக்கிக் குளியலறையில் ஒப்பித்தேன்.

"டேய், தங்கச்சியின்ரை கலியாணத்துக்குப் போறன், ரெண்டு கிழமையிலை வந்திடுவன் எண்டு சொல்லு. அதுக்கு மேலை வாய் திறக்காதை" என்று யோகன் கதவுக்கு வெளியே நின்று சொன்னான். நான் ஆறாம் பக்கத்தில் இருந்தேன்.

தூதரகத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண்மணி. நல்ல முகம். அழைப்பிதழைப் பார்த்தார், கவுன்சில் கொடுத்த உத்தியோகக் கடிதத்தைப் பார்த்தார்.

"எவ்வளவு நாள்?"

"இரண்டு கிழமை."

"தங்கையின் திருமணம். சந்தோஷம்" என்றார். பேனாவை எடுத்து எதையோ நிரப்பத் தொடங்கினார். இன்றைக்கு யோசித்தால், காரியம் அந்த இடத்தில் முடிந்துவிட்டது என்று தெரிகிறது. இன்னும் ஒரு நிமிடம் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும். எழுதிக்கொண்டே, சும்மா ஒரு பேச்சுக்கு, "அமெரிக்காவுக்கு இதுதான் முதல் தடவையா? உங்களுக்கு எங்கள் நாடு பிடிக்கும் என்று நினைக்கிறேன்" என்றார்.

கட்டாயக் கேள்வி வந்துவிட்டது. தொண்டையைச் செருமினேன்.

முதலில் வரி. வரியைக் குறைத்தால் முதலாளி தொழிற்சாலை கட்டுவான், தொழிற்சாலை வந்தால் வேலை வரும், வேலை வந்தால் ஒருவனுக்கும் நிவாரணம் தேவைப்படாது என்றேன். அவர் நிமிர்ந்தார். ஏழைகளுக்குச் சாப்பாட்டுச் சாமான் வாங்க உணவு முத்திரை கொடுப்பதை நிறுத்தினால் ஒரே வருடத்தில் நாடு எழுந்து நிற்கும் என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டார். என் பேச்சில் மயங்கிவிட்டார் என்று நினைத்துக் குரலை இன்னும் கொஞ்சம் உயர்த்தினேன். பின்னால் வரிசையில் நின்றவர்களுக்கும் பயன்படட்டுமே.

"பிரிட்டனில் வரி அதிகம் என்கிறீர்களா?" என்று கேட்டார்.

"பகல் கொள்ளை, மேடம்."

"உழைக்கிற ஒருவர் அமெரிக்காவில் இதைவிட நன்றாக இருப்பார்?"

"அதில் சந்தேகமே வேண்டாம்."

அவர் வேறொரு தாளை எடுத்து எழுதத் தொடங்கினார். அவர் எழுத எழுத எனக்குப் புல்லரித்தது. என் வாழ்க்கையில் நான் சொன்னதை ஒருவர் குறிப்பெடுப்பது அதுதான் முதல் தடவை.

"கவுன்சிலில் வேலை செய்கிறீர்கள். நல்ல வேலையா?"

அரசாங்கச் செலவுக்கு உதாரணம் தேடித் திரிந்தவனிடம் இதைக் கேட்கலாமா? பென்சில் கதையை முழுதாகச் சொன்னேன். மூன்று மேசை, மூன்று கையெழுத்து, ஒரு அலுமாரி. ஒருவர் செய்யக்கூடிய வேலைக்கு மூன்று சம்பளம் என்றேன்.

"மற்ற இருவரையும் என்ன செய்யலாம்?"

"நாளைக்கே நிறுத்த வேண்டும். அவர்கள் தனியார் துறையில் போய் உழைக்கட்டும்."

"நீங்கள் அந்த இருவரில் ஒருவரா?"

கொள்கை என்றால் கொள்கை. "முதல் ஆளே நான்தான்" என்றேன்.

"சொந்த வீடு?"

"இந்த வரியிலா?"

"திருமணம்?"

"இன்னும் இல்லை."

அவர் எழுதியதை ஒருமுறை வாசித்துப் பார்த்தார். பிறகு மிகவும் மரியாதையாகப் பேசினார். "நீங்கள் சொன்னவற்றில் பெரும்பாலானவை எனக்கும் உடன்பாடு. என் கணவர் இருந்திருந்தால் கைதட்டியிருப்பார். ஆனால் நான் இங்கே பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான், நீங்கள் லண்டனுக்குத் திரும்பி வருவீர்களா என்பது. திரும்பி வருவதற்கு உங்களுக்கு ஒரு காரணமும் இல்லை என்று நீங்களே மிக நன்றாக விளக்கிவிட்டீர்கள். உங்கள் வாதத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன். விசா தர முடியாது."

"மேடம், நான் கட்டாயம் திரும்பி வருவேன்" என்றேன்.

"எதற்காக?"

உண்மையிலேயே கேட்டார். பொறுமையாகக் காத்துக்கொண்டும் இருந்தார். ஏழு பக்கத்தையும் மனத்துக்குள் புரட்டினேன். லண்டனுக்கு ஆதரவாக ஒரு வரிகூட இல்லை.

"நூலகத்துக்கு ஒரு புத்தகம் திருப்பிக் கொடுக்க வேண்டும்" என்றேன்.

அவர் பத்திரங்களை என் பக்கம் தள்ளிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அறைக்கு வந்தபோது யோகன் சமைத்துக்கொண்டிருந்தான். என் முகத்தைப் பார்த்ததுமே, "கதைச்சனியோ?" என்றான். "ஓம்" என்றேன். "எத்தினை பக்கம்?" "நாலு. மிச்சத்துக்கு விடேல்லை." அவன் நன்றாகத் திட்டத்தான் வாயைத் திறந்தான். நான் கட்டிலில் இருந்து அழுவதைக் கண்டுவிட்டு, அடுப்பைக் குறைத்து வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து இருந்தான். தங்கச்சி தனியாக நிற்கப்போகிறாள் என்பதைத் தவிர எனக்கு அப்போது வேறொன்றும் தோன்றவில்லை. அமெரிக்காவின் வரி கூடினாலென்ன, குறைந்தாலென்ன.

அவளுக்குப் போனில் சொன்னேன்.

"என்னண்ணா கேட்டவை?"

"அரசியல் கேட்டவை."

"அவையள் கேட்டவையோ, நீங்கள் சொன்னனீங்களோ?"

கூடப் பிறந்தவளுக்குப் பொய் சொல்வது கஷ்டம். "நான்தான் சொன்னனான்" என்றேன். அவள் அழுவது கேட்டது. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சரி, விடுங்கோ. நேரத்துக்குச் சாப்பிடுங்கோ" என்று வைத்துவிட்டாள். அவள் திட்டியிருந்தால் எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

ஒரு மாதம் கழித்துக் கலியாண வீடியோ வந்தது. அமெரிக்கக் கசெட் இங்கத்தைய டெக்கில் ஓடாது என்பதால் ஒரு கடையில் கொடுத்து மாற்றி எடுத்து, யோகனும் நானும் போட்டுப் பார்த்தோம். மாப்பிள்ளை வாசலுக்கு வருகிறார். மேளம் அடிக்கிறது. செம்பும் தண்ணீருமாக ஆறடி உயரத்தில் ஒரு வெள்ளைக்காரர் வருகிறார். வேட்டிக்கு மேல் தோல் பெல்ட். குனிந்து, கார் கழுவுகிற கவனத்தோடு, மாப்பிள்ளையின் காலை விரல் விரலாகக் கழுவுகிறார். மாப்பிள்ளை மோதிரத்தைப் போடுகிறார். அது எந்த விரலுக்கும் போகாமல் கடைசியில் சின்ன விரலின் பாதியில் நிற்கிறது.

"மச்சான், எண்டாலும் அந்தாள் வடிவாய்த்தான் கழுவுது" என்றான் யோகன்.

பெயர் பீட்டர். மாப்பிள்ளையின் பக்கத்து வீட்டுக்காரர், கலியாணம் ஆகாதவர். ஐயரிடம் போய் என்னென்ன செய்ய வேண்டும் என்று கேட்டு இரண்டு நாள் பழகினாராம். சியாமளா கடிதத்தில் எழுதியிருந்தாள். கடைசி வரியில், அவர் மாநில அரசாங்கத்தின் வீதித் திணைக்களத்தில் வேலை செய்கிறார், இதற்காக மூன்று நாள் சம்பளத்தோடு லீவு எடுத்தவர் என்றும் இருந்தது. அதை வேண்டுமென்றுதான் எழுதினாளா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் எனக்குப் பிரிட்டிஷ் பாஸ்போட் வந்தது; அதற்கு அமெரிக்க விசா தேவையில்லை. கலியாணமும் முடிந்திருந்தது. மனைவியோடு நியூ ஜேர்சிக்குப் போனேன். சியாமளாவின் மகளுக்கு நான்கு வயது, காது குத்தல். பிள்ளையைத் தாய்மாமன் மடியில் இருத்தித்தான் குத்துவார்கள். இதையாவது விடக்கூடாது என்று விடியவே குளித்து, பட்டு வேட்டி கட்டி, பாயில் சம்மணம் போட்டு, மடியை விரித்துக்கொண்டு தயாராக இருந்தேன்.

"மாமாவிட்டைப் போங்கோ அம்மா" என்றாள் சியாமளா.

பிள்ளை என்னைத் தாண்டி நேராகப் போய்ப் பீட்டரின் மடியில் ஏறி இருந்தது. பீட்டருக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. என்னைக் காட்டிப் பிள்ளைக்கு என்னவோ சொல்லிப் பார்த்தார். அது அவர் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

"குறை நினையாதையுங்கோ அண்ணா. அவள் பழக்கமில்லாத ஆக்களிட்டைப் போகமாட்டாள்" என்றாள் சியாமளா.

நான் விரித்த மடியை மெல்ல மூடிக்கொண்டேன். பிறகு சாப்பாட்டில் பீட்டர் என் பக்கத்தில் வந்து இருந்து, லண்டனில் என்ன வேலை என்று விசாரித்தார். கவுன்சில் என்றேன். "அப்படியா, நானும் அரசாங்க ஊழியன்தான்" என்று மகிழ்ச்சியோடு என் தோளில் தட்டினார். அரசாங்கச் செலவைப் பற்றி அன்று எனக்கு ஒரு கருத்தும் இருக்கவில்லை.

இப்போதும் வீட்டுக்கு ஆட்கள் வந்திருக்கும்போது டிவியில் அமெரிக்கச் செய்தி போனால் எனக்கு நாக்கு அரிக்கும். நான் கதிரையில் கொஞ்சம் நிமிர்ந்தாலே போதும், தேத்தண்ணியோடு வரும் என் மனைவி வந்தவர்களிடம் தொடங்கிவிடுவாள்:

"இவர் கவண்மேந்திலை ஆக்களைக் குறைக்கச் சொல்லித்தான் அமெரிக்காக்காரியோடை கதைச்சவர். கடைசியிலை குறைஞ்சது ஒரேயொரு உத்தியோகம்தான், தாய்மாமன் உத்தியோகம். அதையும் ஒரு கவண்மேந்துக்காரன்தான் கொண்டுபோனவன்."