எட்னாவின் அதிகாரபூர்வ மரணம்

யுத்தம் முடிந்த சில வருஷங்களில், இங்கிலாந்தின் வடக்கே கிளாஃபோர்டு என்ற பஞ்சாலை நகரத்தில், எட்னா என்கிற விதவை நல்ல தேக ஆரோக்கியத்துடன் இறந்துபோனாள். அது அவள் குற்றமல்ல. அவள் வீட்டு மாடியில் ஒரு குளிர்காலம் குடியிருந்த நாவலாசிரியர் பெல்வுட், ஏழைகளுக்கு நடக்கும் அநீதியைப் பற்றித் தடிமனாக ஒரு நாவல் எழுதினார். அதில் எட்னாவைப் பெயரோடும் பச்சைச் சால்வையோடும் அப்படியே வைத்து, கடைசி அத்தியாயத்தில் ஒழுகும் கூரைக்கடியில் இருமி இருமிச் சாகவிட்டார்.

நாடே அழுதது. நகராட்சியும் முறைப்படி தீர்மானம் நிறைவேற்றி அழுதது. அழுத கையோடு அவள் தெருக்காரர்கள் எல்லோருக்கும் புது வீடு கொடுத்துக் குடியேற்றியது. எட்னாவுக்கு மட்டும் வாசலில் ஒரு நினைவுக்கல் நட்டார்கள்.

கூரை நாவலில் உள்ளபடியே ஒழுகிக்கொண்டிருந்தது. எட்னா நகராட்சிக்குப் போனாள்.

"செத்தவங்களுக்கு வீடு தர விதியில்லம்மா," என்றார் வீட்டுவசதி அதிகாரி டிம்ஸ்.

"உங்க முன்னாலதானேய்யா நிக்கிறேன்."

"நிக்கிறீங்க, இல்லேங்கல. ஆனா கடைசி அத்தியாயம் படிச்சுட்டு நான் ரெண்டு வேளை சாப்பிடல. அதுக்கு என்ன சொல்றீங்க?"

அவர் பட்டினி கிடந்தது எட்னாவுக்கும் பாவமாகத்தான் இருந்தது. "அது கதைங்கய்யா."

"கதையா? அப்ப யாரும் சாகல. யாரும் சாகலைன்னா அநீதியே நடக்கல. நடக்காத அநீதிக்குக் குடுத்த வீட்டையெல்லாம் திரும்ப வாங்கணும். ஒரு புகார் எழுதிக் குடுங்க, நாளைக்கே வாங்கிடறேன்."

எட்னா வீடு திரும்புவதற்குள் சேதி பரவிவிட்டது. முன்பு பக்கத்து வீட்டில் இருந்த வின்னி, சுடச்சுட ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்குமாகத் தட்டோடு காத்திருந்தாள்.

"எட்னாக்கா, பிள்ளைங்க இப்பதான் ஈரமில்லாத தரையில படுக்குதுங்க. பேசாம செத்தே இருங்களேன். உங்களுக்கென்ன குறைச்சல், கல்லெல்லாம் வச்சிருக்காங்க."

எட்னாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பிள்ளைகளை நினைத்ததும் அடங்கியும் போனது. தட்டை வாங்கிக்கொண்டாள். புகார் எழுதவில்லை. அந்த மாதம்தான் அவளுக்கு இருமல் ஆரம்பித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லண்டனிலிருந்து ஒரு சீமாட்டி, நாவலும் கையுமாக வந்து நினைவுக்கல்லில் பூ வைத்துத் தேம்பினாள். மழை பிடித்துக்கொண்டது. மனசு கேட்காமல் எட்னா கதவைத் திறந்தாள்.

"உள்ள வாங்கம்மா. இங்க மழை கொஞ்சம் கம்மியாத்தான் பெய்யும்," என்றாள். இருமல் பிடித்துக்கொண்டது.

சீமாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"கொஞ்சம் சத்தமில்லாம இருமுங்களேன். பாவம், இந்த வீட்ல ஒரு அம்மா இருமியே செத்திருக்காங்க."